ப்ளகின் போன பின்னும் போகாத பிழை

வேர்ட்பிரஸ் தளம் நின்றுபோனால் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: ப்ளகின்களை டீஆக்டிவேட் செய்து பாருங்கள். பல நேரம் அது பலித்துவிடுகிறது. பலிக்காதபோதுதான் சிக்கல். ப்ளகினை நிறுத்தியாயிற்று, அதன் கோப்புறையையே அழித்தாயிற்று, அப்படியும் ‘இன்டர்னல் சர்வர் எரர்’ என்ற வெள்ளைப் பக்கம் அசையவில்லை. தளத்துக்குச் சொந்தக்காரர் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், ப்ளகின் எழுதியவரைக் கேளுங்கள் என்கிறார்கள். ப்ளகின் எழுதியவரோ, உங்கள் சர்வர் அமைப்பில்தான் கோளாறு என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே கடை நடத்துகிறவர், பத்திரிகை நடத்துகிறவர், பள்ளி நடத்துகிறவர் தவித்துப்போகிறார்.

இந்த அலைச்சலின் காரணம் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. பக்கம் ஒன்றை யாரோ கேட்கிறார்கள். சர்வர் பிஎச்பியை அழைக்கிறது, பிஎச்பி வேர்ட்பிரஸை ஏற்றுகிறது, வேர்ட்பிரஸ் ப்ளகினை ஏற்றுகிறது. கேஷ், பாதுகாப்பு, எஸ்எஸ்எல், திசைதிருப்பல் ஆகிய வேலைகளைச் செய்யும் ப்ளகின்கள் பலவும், தாம் ஓடும் நேரத்தில் சர்வருக்கான விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கின்றன. அந்தக் கோப்பைச் சர்வர் வாசிப்பது பிஎச்பி விழிப்பதற்கு முன்பே. ப்ளகினை நிறுத்துகிறவர் வரிசையின் கடைசியைத் தொடுகிறார். எழுதப்பட்ட விதியோ வரிசையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எந்த ப்ளகின் செய்தது என்று தேடுவதற்கு முன், எந்த அடுக்கு நமக்குப் பதில் சொல்கிறது என்று கேட்கவேண்டும். இந்தத் துறையில் எழுதப்படும் உதவிக்குறிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

எழுதும் உரிமை வந்த வழி

ப்ளகின்கள் விதிகளை எழுதிவைக்கும் அந்தக் கோப்பு பெரும்பாலும் எச்டிஆக்சஸ். முன்னால் ஒரு புள்ளி வைத்துத் தொடங்கும் அது வேர்ட்பிரஸைவிட மூத்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய என்சிஎஸ்ஏ சர்வரில் அது இருந்தது. அந்தச் சர்வரின் வழியில் 1995இல் வந்த அப்பாச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே கணினியில் பலருடைய பக்கங்கள் இருக்கும். எல்லோருக்கும் முதன்மை அமைப்புக் கோப்பைத் திறந்துவிட முடியாது. அவரவர் கோப்புறைக்கு அவரவர் சில விதிகளை எழுதிக்கொள்ளட்டும் என்பது அதன் நோக்கம். ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதி, 1997இல் அப்பாச்சிக் குழுவுக்குக் கொடுத்த மாட்_ரீரைட் என்ற மாட்யூல் இதற்குப் பெரும் வலிமை சேர்த்தது. கேட்ட முகவரி ஒன்று, திறக்கும் கோப்பு வேறொன்று என்று மாற்றியமைக்க அதில் முடிந்தது.

2003 மே மாதம் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்ட வேர்ட்பிரஸ், கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்த முகவரியைப் படிக்கத்தக்க பெர்மாலிங்க் ஆக்க இந்த மாட்_ரீரைட்டையே நம்பியது. அதற்கான சில வரிகளைத் தானே எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதிக்கொண்டது. ‘பிகின் வேர்ட்பிரஸ்’, ‘எண்ட் வேர்ட்பிரஸ்’ என்ற இரண்டு குறிப்பு வரிகளுக்கு நடுவே. இப்படி எழுதுவதற்கான செயற்கூறு ப்ளகின்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு ப்ளகினும் தன் பெயரில் ஒரு தொடக்க வரி, ஒரு முடிவு வரி வைத்து நடுவில் வேண்டியதை எழுதலாம்.

இங்கேதான் பொறுப்பு கைமாறியது. மனிதர் எழுதும் கோப்பு என்று நினைத்து வடிவமைக்கப்பட்ட ஒன்றை நிரல்கள் எழுதத் தொடங்கின. மனிதர் ஒருவர் தப்பாக எழுதினால் தளம் உடனே விழும், உடனே திருத்துவார். நிரல் எழுதினால், எழுதப்பட்டதே தள உரிமையாளருக்குத் தெரியாது. நிர்வாகப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தள்ளி ‘பாதுகாப்பு: ஆன்’ என்று வைத்தவருக்கு, பின்னால் சர்வர் விதிகள் வரிவரியாக இறங்கியிருப்பது எப்படித் தெரியும்?

500 என்பது யார் குரல்

‘இன்டர்னல் சர்வர் எரர்’ பக்கத்தின் 500 என்ற எண் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து வரலாம். எச்டிஆக்சஸ் கோப்பைப் படிக்க முடியாமல் அப்பாச்சி சொல்வது ஒன்று. பிஎச்பி தொடங்கியும் வேர்ட்பிரஸ் ஏறுமுன் விழுவது இன்னொன்று. மூன்றாவது, 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே காட்டும் ‘தளத்தில் கடுமையான பிழை’ என்ற பக்கம். அந்தப் பதிப்பில்தான், எந்த ப்ளகின் விழுந்தது என்று கண்டறிந்து நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பும் மீட்பு முறையும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேர்ட்பிரஸ் ஏறிய பின் பிஎச்பிக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டுமே. முதல் இரண்டு வகையில் வேர்ட்பிரஸ் கண் திறப்பதே இல்லை. மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பவர் காத்திருந்துகொண்டே இருப்பார்.

பிரித்தறிய எளிய சோதனை உண்டு. தளத்தில் ஏற்கெனவே ஏற்றிவைத்த ஒரு படத்தின் முகவரியை நேராக உலாவியில் தட்டுங்கள். படமும் 500 என்று விழுந்தால், பழி எச்டிஆக்சஸ் மேல். படம் வந்து பக்கம் மட்டும் வராவிட்டால், பிஎச்பி பக்கம் திரும்பலாம். ஒரு எச்சரிக்கை: அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வரை வைத்து, படங்களை அதன்வழியே தரும் ஹோஸ்டிங்குகள் உண்டு. அங்கே படம் நன்றாகவே வரும். எச்டிஆக்சஸ் உடைந்திருப்பது தெரியாது.

அதற்கு மேல் ஊகம் வேண்டாம், எரர் லாக்கைத் திறக்கவேண்டும். அப்பாச்சி இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகப் பேசும்: எந்தக் கோப்பு, எந்தக் கட்டளை புரியவில்லை என்று இரண்டையும் எழுதிவைக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கிலும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் ‘எரர்ஸ்’ என்ற பகுதியில் அண்மை வரிகள் கிடைக்கும். அதைப் பார்க்காமல் ப்ளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அரைநாள் வேலை. பார்த்தால் பல நேரம் ஐந்து நிமிட வேலை. ‘கான்ஃபிக்டெஸ்ட்’ என்ற கட்டளையை ஓட்டிவிட்டு ‘சிண்டாக்ஸ் ஓகே’ வந்தது என்று நிம்மதி அடைபவர்களையும் பார்க்கிறோம். அந்தக் கட்டளை முதன்மைக் கோப்புகளை மட்டுமே சோதிக்கும். எச்டிஆக்சஸ் கோப்பு ஒவ்வொரு கோரிக்கையின்போதும் புதிதாகப் படிக்கப்படுவது. அந்தச் சோதனை அதை எட்டாது.

லாக்கில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள் சில. ‘பிஎச்பி_வேல்யூ’ என்ற கட்டளை புரியவில்லை என்பது முதலாவது. நினைவக அளவையோ பதிவேற்ற அளவையோ உயர்த்த ப்ளகின்கள் எழுதும் வரி அது. அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி மாட்யூலாக ஓடிய காலத்தில் செல்லுபடியானது. பிஎச்பி இப்போது பெரும்பாலும் எஃப்பிஎம் என்ற தனிச் சேவையாக ஓடுகிறது. அங்கே அந்தக் கட்டளை அப்பாச்சிக்கு அந்நியம். நேற்றுவரை ஓடிய தளம், ஹோஸ்டிங் மாற்றிய அன்று விழுவதற்கு இது ஒன்றே போதும்.

‘ஆர்டர்’ என்ற கட்டளை புரியவில்லை என்பது இரண்டாவது. 2012இல் வந்த அப்பாச்சி 2.4, யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்பதற்கான இலக்கணத்தையே மாற்றியது. ‘ஆர்டர், அலவ், டினை’ போய் ‘ரிக்வயர்’ வந்தது. பழையதைப் புரிந்துகொள்ள ஒரு இணக்க மாட்யூல் வைத்திருந்தார்கள். அது ஏற்றப்படாத சர்வரில் பழைய வரி ஒவ்வொன்றும் 500. பாதுகாப்பு ப்ளகின்கள் பதிவேற்றக் கோப்புறைக்குள் தனியாக ஒரு எச்டிஆக்சஸ் கோப்பை வைப்பது வழக்கம். அதில் இந்தப் பழைய வரி இருந்தால் அறிகுறியே விசித்திரமாக இருக்கும்: பக்கமெல்லாம் வருகிறது, படங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் விழுகின்றன. தள வேரில் இருக்கும் கோப்பை எத்தனை தடவை பார்த்தாலும் தப்பு கிடைக்காது.

மூன்றாவது ‘ஆப்ஷன்ஸ்’ இங்கே அனுமதி இல்லை என்பது. எச்டிஆக்சஸ் கோப்பில் எதையெல்லாம் எழுதலாம் என்பதை முதன்மைக் கோப்பில் ‘அலவ்ஓவர்ரைடு’ தீர்மானிக்கிறது. ப்ளகின் எழுதியவருடைய கணினியில் எல்லாம் திறந்திருக்கும். ஹோஸ்டிங்கில் பாதி மூடியிருக்கும். கோப்புறைப் பட்டியலை மறைக்கும் எளிய வரிகூட அங்கே தளத்தை வீழ்த்திவிடும்.

பிழையே காட்டாத பிழை

இதுவரை சொன்னவை சத்தம் போடும் பிழைகள். சத்தம் போடாதவைதான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

500 வராமல் இருக்க, ப்ளகின் எழுதுகிறவர்கள் தங்கள் விதிகளை ‘இஃப்மாட்யூல்’ என்ற நிபந்தனைக்குள் பொதிந்துவைப்பார்கள். குறித்த மாட்யூல் இருந்தால் மட்டும் விதி செல்லும், இல்லாவிட்டால் சர்வர் கண்டுகொள்ளாமல் போய்விடும். நல்ல பழக்கம் என்றே சொல்லித்தரப்படுகிறது. ஆனால் பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி ஓடக்கூடாது என்று தடுக்கும் விதியை, பிஎச்பி 5 மாட்யூலின் பெயரைச் சொல்லி ஒருவர் பொதிந்திருந்தார் என்று வையுங்கள். பிஎச்பி 7 வந்தபோது மாட்யூலின் பெயரில் 5 போய் 7 ஆனது. பிஎச்பி 8இல் எண்ணே இல்லாமல் போனது. தளம் ஒழுங்காக ஓடும், லாக் சுத்தமாக இருக்கும், ப்ளகினின் பக்கத்தில் பச்சைக் குறி எரியும். தடை மட்டும் இருக்காது.

என்ஜின்எக்ஸ் சர்வரில் இதே நிலை இன்னும் பரவலானது. 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட அந்தச் சர்வர் எச்டிஆக்சஸ் கோப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வேகத்துக்காக வேண்டுமென்றே செய்த முடிவு. பேக்கப் கோப்புகளையும் லாக் கோப்புகளையும் பதிவேற்றக் கோப்புறைக்குள் வைத்துவிட்டு, எச்டிஆக்சஸ் காவலை மட்டும் நம்பும் ப்ளகின் அங்கே கதவே இல்லாத அறையில் பணப்பெட்டியை வைக்கிறது. முகவரி தெரிந்த யாரும் தரவுத்தளத்தின் முழு நகலையும் இறக்கிக்கொள்ளலாம். உலாவியில் அந்த முகவரியைத் தட்டி, 403 வருகிறதா, கோப்பு இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்றே இதைக் கண்டுபிடிக்கும் வழி.

வரிசைப் பிழையும் ஓசையில்லாதது. வேர்ட்பிரஸின் விதித்தொகுதி, இல்லாத கோப்பு எதைக் கேட்டாலும் இன்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பிவிடும். ஒரு ப்ளகின் தன் திசைதிருப்பல் விதிகளை அதற்குக் கீழே சேர்த்தால், அவற்றின் முறை வருவதே இல்லை. விதி கண்ணுக்குத் தெரிகிறது, எழுத்துப்பிழை இல்லை, வேலை மட்டும் செய்யவில்லை. வெட்டி மேலே ஒட்டினால் தீர்ந்தது.

அழித்தவர் விட்டுச்செல்வது

ப்ளகினை நிர்வாகப் பக்கத்திலிருந்து முறையாக நிறுத்தினால், நிறுத்தும்போது ஓடவேண்டிய துப்புரவு நிரல் ஓடும். ஒழுங்காக எழுதப்பட்ட ப்ளகினானால், எழுதிய வரிகளை அது எடுத்துவிடும். தளம் விழுந்துகிடக்கும்போது நிர்வாகப் பக்கமே வராது. அப்போது நாம் எஃப்டிபியில் புகுந்து ப்ளகின் கோப்புறையின் பெயரை மாற்றுகிறோம் அல்லது அழிக்கிறோம். அந்த வழியில் துப்புரவு நிரல் ஓடுவதில்லை. அவசரத்துக்கு எல்லோரும் சொல்லித்தரும் வைத்தியமே எச்சத்தை உறுதிப்படுத்துகிறது என்பதை ஏன் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, வேர்ட்பிரஸுக்கு முன்பே ஓடவேண்டிய ஃபயர்வால்கள். வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு ப்ளகின் இதற்கு ‘ஆட்டோ ப்ரீபெண்ட் ஃபைல்’ என்ற பிஎச்பி அமைப்பைப் பயன்படுத்துகிறது. எந்த பிஎச்பி பக்கம் திறந்தாலும் முதலில் இந்தக் கோப்பை ஓட்டு என்று பொருள். அந்த வரி சர்வரைப் பொறுத்து எச்டிஆக்சஸ் கோப்பிலோ, ‘யூசர்-இனி’ என்ற பிஎச்பி அமைப்புக் கோப்பிலோ போய் உட்காரும். தாக்குதல் நிரல் எதுவும் ஏறுமுன் தடுக்க இது சரியான இடம்தான். அந்த ப்ளகின் தன் ஆவணத்தில் நீக்கும் முறையையும் சொல்லியிருக்கிறது. ஆனால் யாராவது எஃப்டிபியில் கோப்புகளை மட்டும் அழித்தால், வரி நிற்கும், அது சுட்டும் கோப்பு இருக்காது. அந்தத் தளத்தில் பிஎச்பி என்று எதுவுமே ஓடாது. சோதனைக்கு ஒரே வரியில் ஒரு பிஎச்பி கோப்பு எழுதிவைத்தால் அதுவும் விழும். படங்கள் வரும்.

சரி, வரியைக் கண்டுபிடித்து அழித்துவிட்டோம். பக்கத்தைப் புதுப்பித்தால் அதே பிழை. இந்த இடத்தில் பலர் மனம் தளர்ந்து, அழித்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டு வேறு எங்கோ தேடப் போய்விடுகிறார்கள். யூசர்-இனி கோப்பை பிஎச்பி ஒவ்வொரு தடவையும் படிப்பதில்லை. இயல்பான அமைப்பில் 300 விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கும். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் தளம் தானாக எழும். எச்டிஆக்சஸ் திருத்தம் உடனே பலிக்கும், யூசர்-இனி திருத்தம் ஆறப்போட்டால்தான் பலிக்கும், லைட்ஸ்பீடின் இலவசப் பதிப்பான ஓப்பன்லைட்ஸ்பீடில் ரீரைட் விதி மாற்றத்துக்குச் சேவையையே மறுதொடக்கம் செய்யவேண்டும். இந்த மூன்று வேகங்களும் தெரியாமல் செய்யும் சோதனை, சரியான திருத்தத்தையும் தப்பு என்று முடிவுகட்டும்.

கேஷ் ப்ளகின்களின் எச்சம் வேறு இடத்தில். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் கேஷ் இயக்கும் ஒரு வரி, உள்ளடக்கக் கோப்புறையில் ‘அட்வான்ஸ்டு-கேஷ்’, ‘ஆப்ஜெக்ட்-கேஷ்’ என்ற கோப்புகள். இவற்றை மற்ற ப்ளகின்களைப் போலப் பட்டியலிலிருந்து நிறுத்த முடியாது. ப்ளகின் கோப்புறையின் பெயரை மாற்றினாலும் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

எச்சத்துக்கு எதிர்மாறான விபத்தும் உண்டு: தனக்குரியதை மட்டும் தொடாமல், எச்டிஆக்சஸ் கோப்பையே முழுதாகத் திரும்ப எழுதும் ப்ளகின். சிபேனல், தளத்துக்கு எந்தப் பதிப்பு பிஎச்பி என்பதைச் சொல்லும் வரிகளை அதே கோப்பில்தான் வைக்கிறது. அவை போனால் தளம் சர்வரின் இயல்புப் பதிப்புக்கு மாறிவிடும், பழைய தீம் ஒன்று அங்கே விழும், எல்லோரும் தீமைத் திட்டுவார்கள்.

சுற்றிக்கொண்டே இருக்கும் முகவரி

எஸ்எஸ்எல் ப்ளகின் ஒன்றை இயக்கியதும் ‘பலமுறை திசைதிருப்பப்பட்டது’ என்று உலாவி கைவிரிப்பது அன்றாடக் காட்சி. பெரும்பாலும் நடுவில் ஒரு ப்ராக்ஸி இருக்கும். கிளவுட்ஃப்ளேரின் ‘ஃப்ளெக்ஸிபிள்’ முறையில் வாசகருக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் நடுவே எச்டிடிபிஎஸ் பூட்டு உண்டு; கிளவுட்ஃப்ளேருக்கும் நம் சர்வருக்கும் நடுவே இல்லை. சர்வருக்கு வருவது எப்போதும் பூட்டில்லாத கோரிக்கை. ப்ளகின் எழுதிய விதி, பூட்டோடு வா என்று திருப்பி அனுப்புகிறது. வாசகர் பூட்டோடுதான் வருகிறார். நடுவில் இருப்பவர் பூட்டைக் கழற்றி உள்ளே அனுப்புகிறார். முடிவே இல்லை. சர்வரிலும் சான்றிதழ் வைத்து, கிளவுட்ஃப்ளேரை ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ முறைக்கு மாற்றுவதே நேரான தீர்வு. ப்ராக்ஸி அனுப்பும் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்கும்படி விதியைத் திருத்துவது ஒப்பேற்று வேலை. வாசகரின் கடவுச்சொல் பாதி வழி திறந்தபடி பயணம் செய்வதை அது மாற்றாது.

சுழற்சியைத் திருத்திய பிறகும் திருத்தியவரின் கணினியில் மட்டும் அது தொடரலாம். 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலை உலாவி நினைவில் வைத்துக்கொள்கிறது. எச்எஸ்டிஎஸ் என்ற கட்டளையையும் ப்ளகின் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் கடுமை: குறித்த காலம் முடியும்வரை, பல நேரம் ஓராண்டு, அந்த உலாவி பூட்டில்லாத முகவரிக்குப் போகவே மறுக்கும். சர்வரில் வரியை அழிப்பதால் ஏற்கெனவே வந்துபோனவர்களின் உலாவியில் அது அழியாது. இந்த ஒரு தேர்வுப் பெட்டியை ப்ளகின்கள் மற்றப் பெட்டிகளோடு ஒரே அளவில், ஒரே நிறத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பாச்சிக்கு உள்ளேயே நடக்கும் சுழற்சி வேறு. அங்கே 10 முறை உள்ளுக்குள் திரும்பியதும் சர்வரே நிறுத்தி 500 தரும். லாக்கில் காரணத்தையும் எழுதும்.

தமிழ் முகவரிகளுக்கு மட்டும் வரும் தொல்லை

தமிழில் தலைப்பு வைத்து, அதையே முகவரியாக விடும் தளங்களுக்கு இந்தப் பொதுவான கதையில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முகவரியில் போகும்போது பைட் ஒன்று, % குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக மூன்று எழுத்தாக விரியும். ஆகக் குறி ஒன்றுக்கு 9 இடம். ‘தமிழ்நாடு’ என்ற சொல்லில் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணினால் 9 குறி. முகவரியில் 81 இடம். வேர்ட்பிரஸ் தலைப்பு முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஏறத்தாழ 22 குறியில் தலைப்பு வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகவரிகள் ஒன்றுபோல் ஆகும்போது பின்னால் எண் சேரும். பிறகு ஆசிரியர் குழு முகவரிகளைச் சீர்படுத்த நினைக்கும். திசைதிருப்பல் ப்ளகின் வரும். அது விதிகளை எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதும்.

அந்த விதிகள் இரண்டு விதத்தில் உடைகின்றன. மாட்_ரீரைட் ஒப்பிடுவது விரித்த வடிவத்தோடு அல்ல, % குறிகளை அவிழ்த்த பின் கிடைக்கும் பைட்டுகளோடு. உலாவியிலிருந்து நகலெடுத்த % வரிசையை விதியின் இடப்பக்கத்தில் அப்படியே ஒட்டினால் அது எதனோடும் பொருந்தாது. தமிழ் எழுத்தாகவே எழுதினால் பொருந்தும். கோப்பு யூடிஎஃப்-8 ஆக, தொடக்கத்தில் பிஓஎம் குறி இல்லாமல் சேமிக்கப்பட்டிருக்கவேண்டும். பிஓஎம் இருந்தால் முதல் வரியே புரியாத கட்டளையாகி முழுத் தளமும் 500.

வலப்பக்கத்துப் பிழை இன்னும் நுட்பமானது. விதியின் வலப்பக்கத்தில் % குறியை அடுத்து ஒரு எண் வந்தால், மாட்_ரீரைட் அதை முகவரியின் பகுதியாக எடுக்காது. மேலே உள்ள நிபந்தனையில் பிடித்த துண்டை இங்கே வை என்ற ஆணையாக எடுக்கும். ‘க’ என்ற எழுத்தின் மூன்றாவது பைட் %95. அதில் %9 என்பதை ஆணையாக எடுத்து, பிடித்த துண்டு எதுவும் இல்லாததால் வெறுமையாக்கி, 5ஐ மட்டும் விட்டுவிடும். ‘அ’வின் %85, உகரக் குறியின் %81 எல்லாவற்றுக்கும் இதே கதி, எல்லா உயிரெழுத்துகளின் கடைசி பைட்டும் 8 அல்லது 9இல்தான் தொடங்குகிறது. மெய்ப்புள்ளிக்கும் அப்படியே. த, ந, ப, ம, ர, ல போன்றவற்றின் கடைசி பைட் எண்ணில் தொடங்காததால் அவை தப்பிவிடும். ஆகவே ‘மரம்’ என்ற முகவரி கடைசிப் புள்ளியில் மட்டும் உடையும், ‘கடல்’ முதல் எழுத்திலேயே உடையும். சில திசைதிருப்பல்கள் ஓடி, சில 404இல் போய் விழுவதற்கு இதுதான் காரணம். ஆங்கில முகவரிகளில் சோதித்த ப்ளகின் ஆசிரியருக்கு இது கண்ணிலேயே பட்டிராது. % குறிக்கு முன் பின்சாய்கோடு போட்டு, மறுபடி விரிக்காதே என்ற கொடியையும் சேர்த்தால் தீரும். அதைவிட, தமிழ் முகவரித் திசைதிருப்பலை எச்டிஆக்சஸ் பக்கமே விடாமல் பிஎச்பிக்குள்ளேயே செய்யும் முறையைத் தேர்ந்தெடுப்பது மேல். சில மில்லிவிநாடி கூடுதலாகும். செய்தித்தளங்களுக்குக்கூட அது பொருட்டில்லை.

தேடும் வரிசை

நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது. எதையும் தொடுமுன் எச்டிஆக்சஸ், யூசர்-இனி, டபிள்யூபி-கான்ஃபிக் மூன்றையும் நகலெடுத்து வைக்கவேண்டும். பிறகு எரர் லாக். அது கிடைக்காவிட்டால் படச் சோதனை. பிறகு எச்டிஆக்சஸ் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கலாம்: முகப்பு வந்து உள்பக்கங்கள் மட்டும் சர்வரின் வறட்டு 404ஐக் காட்டினால் குற்றவாளி அந்தக் கோப்புதான். பெர்மாலிங்க் பக்கத்தில் ‘சேமி’ அழுத்தினால் வேர்ட்பிரஸ் தன் பகுதியைப் புதிதாக எழுதிக்கொள்ளும்; பழைய கோப்பிலிருந்து மற்றத் தொகுதிகளைப் பாதிப்பாதியாகச் சேர்த்துப் பார்த்தால், எத்தனை நீளமான கோப்பானாலும் சில தடவையிலேயே உடைக்கும் வரி சிக்கும். தள வேரோடு நிற்காமல் மேல் கோப்புறையையும் கீழ்க் கோப்புறைகளையும் பார்க்கவேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இரண்டாவது தளம் முதல் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே இருப்பது சாதாரணம். மேலே உள்ள எச்டிஆக்சஸ் கீழே உள்ளதற்கும் செல்லும். ஒரு தளத்தில் போட்ட பாதுகாப்பு ப்ளகின் பக்கத்துத் தளத்தை வீழ்த்துவது இப்படித்தான்.

என்ஜின்எக்ஸில் ப்ளகினின் கை பொதுவாக எட்டாது. ஆனால் டபிள்யூ3 டோட்டல் கேஷ் போன்றவை தள வேரில் என்ஜின்எக்ஸ் விதிக்கோப்பு ஒன்றை எழுதித்தரும். சர்வர் நிர்வாகி அதை முதன்மைக் கோப்பில் இணைத்துக்கொள்வார். எழுதியது உடனே செல்லாது, மறு ஏற்றம் வேண்டும். அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் மறு ஏற்றம் தோற்கும், பழைய அமைப்பே தொடர்ந்து ஓடும், யாருக்கும் தெரியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வட்டில் புதுப்பிக்கப்பட்டாலும், மறு ஏற்றம் தோற்பதால் என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் வாசகர்களுக்குச் சான்றிதழ் காலாவதி எச்சரிக்கை வரும். அல்லது சர்வர் மறுதொடக்கமாகும்போது என்ஜின்எக்ஸ் எழாது. அந்தக் கணினியில் உள்ள எல்லாத் தளங்களும் சேர்ந்து போகும். வேர்ட்பிரஸ் எழுதக்கூடிய கோப்பை இணைக்காதீர்கள், அதில் உள்ளதைப் படித்துப் பார்த்து உங்கள் கோப்புக்கு நகலெடுங்கள் என்றே நிர்வாகிகளுக்குச் சொல்வேன். வேர்ட்பிரஸுக்குள் புகுந்த ஒருவன், ரூட் உரிமையோடு தொடங்கும் சேவையின் அமைப்பில் எழுத அது வழிவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்பாச்சியின் ஆவணமே, முதன்மைக் கோப்பைத் தொட வசதியுள்ளவர்கள் எச்டிஆக்சஸைத் தவிர்க்கவேண்டும் என்கிறது, 2.4இல் அதன் இயல்புநிலையே மூடியது. அதனால் ப்ளகின்களுக்கு எழுதும் உரிமையை முழுதாக நிறுத்திவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். சொந்தச் சர்வர் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். மாதம் நூறோ இருநூறோ கொடுத்து ஹோஸ்டிங் வாங்கும் சிறுபத்திரிகைக்குப் பொருந்தாது. அவர்களுக்கு ப்ளகின் எழுதித்தராவிட்டால் கேஷும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. எழுதட்டும், ஆனால் எழுதப்போவதைக் காட்டிவிட்டு எழுதட்டும். எழுதியவுடன் தன் முகவரியைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்த்து, 500 வந்தால் பழைய கோப்பைத் திரும்ப வைக்கட்டும். அந்த நேரத்தில் பிஎச்பி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இது முடிகிற காரியம்.

வேர்ட்பிரஸின் பக்கத்திலும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. 5.2 பதிப்போடு வந்த ‘சைட் ஹெல்த்’ பக்கத்தின் சர்வர் பகுதியில், எச்டிஆக்சஸ் கோப்பில் கூடுதல் விதிகள் இருக்கின்றனவா என்று ஒரு வரி சொல்கிறது. இருக்கின்றன என்பதோடு நின்றுவிடுகிறது. யாருடையவை என்று சொல்வதில்லை. முறையாக எழுதும் ஒவ்வொரு ப்ளகினின் பெயரும் அதன் தொடக்க வரியிலேயே இருக்கிறது. நிறுவப்பட்டிருக்கும் ப்ளகின்களின் பட்டியல் வேர்ட்பிரஸிடமே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, இந்தத் தொகுதியை எழுதிய ப்ளகின் இப்போது தளத்தில் இல்லை என்று அதே பக்கத்தில் காட்ட ஒரு சின்ன நிரல் போதும். இன்றைக்கு அதைத் தள உரிமையாளர்தான் எஃப்டிபியில் கோப்பைத் திறந்து, வரிவரியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.